உயிரணு சொல்லும் சாட்சி



கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு உடல்வலி புதிதல்ல. முந்திய தலைமுறை பால் வாளியைச் சுமந்தது. இந்தத் தலைமுறை செம்பனைக் குலையை வெட்டித் தூக்குகிறது. தோள், முதுகு, முட்டி என்று ஒவ்வொன்றாகத் தேய்கின்றன. ஐம்பது வயதைத் தொடும் முன்பே, காலையில் பாயை விட்டு எழுந்து நிமிர்வதற்குள் விடிந்துவிடுகிறது என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்டவரிடம் ஒருவர் வந்து, "இது சுத்தமான மூலிகைப் பொடி. பக்க விளைவே கிடையாது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினால், அவர் வாங்கத்தான் செய்வார். வலியால் துடிப்பவரைக் குறை கூறுவதில் பயன் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படி விற்கப்படும் சில பொடிகளும் மாத்திரைகளும் உண்மையிலேயே இரண்டு நாளில் வலியைப் போக்கிவிடுகின்றன. ஐந்து ஆண்டுகளாக மடங்காத முட்டி மடங்குகிறது; பசி எடுக்கிறது; முகம் பூரிக்கிறது. எந்த மூலிகைக்கு இவ்வளவு வேகம்? உள்ளே இருப்பது மூலிகைதானா, வேறு ஏதேனும் கலந்திருக்கிறதா? கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாவில் வைத்தாலும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க அறிவியலார் ஒரு விந்தையான சாட்சியைத் தயார் செய்திருக்கிறார்கள். அந்தச் சாட்சி ஓர் உயிரணு. அதைப் பற்றியும், அதனால் நாம் பெறும் பாடத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1948ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில், மூட்டு வாத நோயால் நடக்க முடியாமல் தவித்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, டாக்டர் பிலிப் ஹென்ச் என்பவர் ஒரு புதிய மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். மருத்துவ உலகம் வியந்து நின்றது. அந்த மருந்தின் பெயர் கார்டிசோன். 1950ஆம் ஆண்டு ஹென்ச்சுக்கும், அவருடன் கெண்டல், ரைக்ஸ்டைன் என்னும் இரு அறிஞர்களுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த மகிழ்ச்சி முழுமையாக நீடிக்கவில்லை. அதிக அளவில் நீண்ட நாள் மருந்து பெற்றவர்களுக்கு முகம் வீங்கியது, எலும்பு பலமிழந்தது, இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியோர் சொன்னது இங்கே அப்படியே பொருந்தியது.

கார்டிசோன் குடும்பத்து மருந்துகளைத்தான் ஸ்டீராய்டு என்று டாக்டர்கள் குறிப்பிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் மிக வலிமையானவற்றுள் ஒன்று டெக்ஸாமெத்தசோன். நம் உடலில் இயற்கையாகச் சுரக்கும் கார்டிசோல் என்னும் ஹார்மோனைவிட இது சுமார் 25 மடங்கு வலிமை கொண்டது. அரை மில்லிகிராம் மாத்திரையே பெரிய வேலை செய்யும். இம்மருந்தைக் கெட்டது என்று ஒதுக்கவும் கூடாது. 2020ஆம் ஆண்டு கோவிட் நோய் பரவியபோது, பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சுவாசக் கருவி பொருத்தப்பட்ட நோயாளிகளின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது இதே டெக்ஸாமெத்தசோன்தான். டாக்டரின் கையில் இது உயிர் காக்கும் மருந்து. அளவு தெரியாமல், பெயரும் சொல்லாமல், மூலிகைப் பொடிக்குள் ஒளித்து வைக்கப்படும்போது இதுவே உயிரைக் குடிக்கும் பொருளாகிறது.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் விஷப் பொருள் சட்டப்படி இதனை டாக்டரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. பாரம்பரிய மருந்துகளில் இதனைக் கலக்கவே கூடாது. இருந்தும் சிலர் கலக்கிறார்கள். மஜூன், ஜாமு, மூலிகைக் குளிகை எனப் பல பெயர்களில் வரும் பொருள்களில் ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. இதனால் நேர்மையான பாரம்பரிய வைத்தியர்களுக்கும் கெட்ட பெயர். பாட்டி அரைத்துக் கொடுக்கும் சுக்குக் கஷாயத்தின் மீது நமக்குச் சண்டை இல்லை. சுக்கு என்று சொல்லி வேறொன்றைக் கொடுப்பதுதான் குற்றம்.

சரி, இந்த மருந்து உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு சிறு தோட்டம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சுற்றிலும் வேலி உண்டு. நடுவில் ஆபீஸ் உண்டு. அந்த ஆபீஸுக்கு உட்கரு என்று பெயர். அங்கேதான் மரபணுக்கள் என்னும் பேரேடுகள் இருக்கின்றன. எந்த வேலையைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பேரேட்டைப் பார்த்தே நடக்கும்.

வெளியிலிருந்து தோட்டத்துக்குச் செய்தி இரண்டு விதமாக வரும். சில செய்திகள் வாசலோடு நின்றுவிடும். அங்கே நிற்கும் ஜாகாவிடம் சொன்னால் போதும்; அவர் உள்ளே குரல் கொடுப்பார். இன்சுலின் இப்படி வாசலில் நின்று பேசும் ஹார்மோன். ஸ்டீராய்டு அப்படியல்ல. அது கொழுப்பில் கரையும் பொருளாதலால், கொழுப்பால் ஆன வேலியைத் தானே கடந்து உள்ளே நுழைந்துவிடும். உள்ளே ஆபீஸுக்கு வெளியே ஒரு கிராணி காத்திருக்கிறார். அவருக்கு ஏற்பி என்று பெயர். வந்த மருந்தை அவர் கையில் வாங்கியதும், இருவருமாக ஆபீஸுக்குள் போகிறார்கள். கிராணி பேரேட்டைத் திறந்து உத்தரவை மாற்றி எழுதுகிறார். வீக்கத்தை உண்டாக்கும் வேலைகள் நிற்கின்றன. அதனால்தான் வலி குறைகிறது. அதே நேரத்தில் சர்க்கரையை ஏற்றும் வேலையும் எலும்பைக் கரைக்கும் வேலையும் தொடங்குகின்றன. உத்தரவு முட்டியில் உள்ள உயிரணுவுக்கு மட்டும் போவதில்லை. உடல் முழுவதற்கும் போகிறது. தீங்கு அங்கேதான் பிறக்கிறது.

இனி, பொடிக்குள் ஒளிந்திருக்கும் மருந்தைக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம்.

இரசாயனப் பரிசோதனை என்பது வழக்கமான முறை. அதற்கு நம் கெமாஸ் இரயில் நிலையத்தையே உதாரணமாகச் சொல்லலாம். இரண்டு இருப்புப் பாதைகள் சேரும் அந்தச் சந்திப்பில், ஓர் அதிகாரி கையில் பெயர்ப் பட்டியலுடன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் ஒவ்வொருவரையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பட்டியலில் உள்ளவன் அகப்படுவான். பெயரையும் முகத்தையும் மாற்றிக்கொண்டவன் தப்பிவிடுவான். டெக்ஸாமெத்தசோன் போன்ற தெரிந்த மருந்துகளை இரசாயனப் பரிசோதனை மிகத் திறமையாகப் பிடித்துவிடும். ஆனால் ஒருவர் அந்த மருந்தின் அமைப்பில் ஒரு மூலையைச் சற்றே மாற்றிப் புதிய பொருளாக்கிவிட்டால், பட்டியலில் அது இருக்காது.

இது வெறும் கற்பனை அல்ல. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் விளையாட்டு வீரர்கள் சிலர் டி.எச்.ஜி. என்னும் ஊக்க மருந்தைப் பயன்படுத்தியது வெளியானது. அது யாருடைய பட்டியலிலும் இல்லாதபடி, பரிசோதனையில் அகப்படக் கூடாது என்பதற்காகவே தயாரிக்கப்பட்ட ஸ்டீராய்டு. பயிற்சியாளர் ஒருவர் அம்மருந்தின் மிச்சம் ஒட்டியிருந்த ஓர் ஊசிக் குழாயை அதிகாரிகளுக்கு அனுப்பிய பிறகுதான், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டான் கேட்லின் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடம் அது இன்னதென்று கண்டறிந்தது. மறு ஆண்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆய்வாளர்கள் இன்னொரு வழியில் அதனைச் சோதித்தார்கள். ரொட்டியைப் புளிக்க வைக்கிறதே ஈஸ்ட், அந்த நுண்ணுயிருக்குள் மனிதனின் ஆண் ஹார்மோன் ஏற்பியை வைத்து, அதற்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். ஏற்பி உடனே வேலை செய்தது. பொருள் ஆண் ஹார்மோன் போன்றதுதான் என்பது ஐயமின்றித் தெரிந்தது. பெயரை மாற்றலாம், முகத்தை மாற்றலாம். செய்யும் வேலையை மறைக்க முடியுமா? உயிரணு பெயரைக் கேட்பதில்லை. வந்தவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் பார்க்கிறது.

இதே எண்ணத்தை, கண்ணால் காணும்படி செய்தவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அதற்குத் துணை செய்தது கடலில் வாழும் ஒரு சொறிமுட்டை, அதாவது ஜெல்லி மீன். 1962ஆம் ஆண்டு, ஒசாமு ஷிமோமுரா என்னும் ஜப்பானிய அறிஞர், அந்த ஜெல்லி மீனிலிருந்து ஒளிரும் புரதங்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்று, நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிர்வது. 1994ஆம் ஆண்டு மார்ட்டின் சால்ஃபி என்பவர், அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிற உயிர்களுக்குள் வைத்தாலும் அது ஒளிரும் என்று காட்டினார். இவ்விருவரும் ரோஜர் சியன் என்பவரும் 2008ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தப் பச்சை விளக்கை நாம் மேலே சொன்ன கிராணியின் தலையில் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் 1996ஆம் ஆண்டு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் கோர்டன் ஹேகர் என்பவரின் குழுவினர் செய்தார்கள். ஸ்டீராய்டு ஏற்பியோடு பச்சைப் புரதத்தை இணைத்து, உயிருள்ள அணுக்களில் வைத்துப் பூதக்கண்ணாடியின் வழியே பார்த்தார்கள். மருந்து இல்லாதபோது, ஆபீஸுக்கு வெளியே உள்ள வெளியெங்கும் பச்சை ஒளி பரவிக் கிடந்தது. உட்கரு மட்டும் இருண்டிருந்தது. டெக்ஸாமெத்தசோனை ஊற்றினார்கள். அரை மணி நேரத்துக்குள் விளக்குகள் எல்லாம் நகர்ந்து உட்கருவுக்குள் புகுந்துவிட்டன. வெளியே இருள், உள்ளே வெளிச்சம். உயிரணுவைக் கொல்லாமல், அது வேலை செய்யும்போதே அதன் சாட்சியத்தை வாங்கிவிட்டார்கள்.

எல்லா ஏற்பிகளும் இப்படி நடந்து காட்டுவதில்லை. சில ஏற்பிகள் எப்போதும் ஆபீஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வைட்டமின் ஏ சத்திலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தை ஏற்கும் ஏற்பி அப்படிப்பட்டது. மருந்து வந்தாலும் வராவிட்டாலும் அதன் விளக்கு ஒரே இடத்தில்தான் எரியும். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். 2001ஆம் ஆண்டு, வெளியே காத்திருக்கும் ஸ்டீராய்டு ஏற்பியின் ஒரு பாதியையும், வைட்டமின் அமிலத்தைப் பிடிக்கும் ஏற்பியின் மறு பாதியையும் ஒட்டிப் புதிய ஏற்பி ஒன்றைச் செய்தார்கள். தலை ஒருவருடையது, கை இன்னொருவருடையது. அது வெளியே காத்திருந்தது. அந்த அமிலம் வந்ததும் உள்ளே நடந்தது. இதனால் பலவகை மருந்துகளுக்கும் இப்படிச் சாட்சி தயார் செய்யலாம் என்பது விளங்கியது.

ஆய்வுக்கூடத்தில் இச்சோதனை நடக்கும் முறையும் எளிதாகப் புரியக் கூடியதே. நம் வீட்டுப் பெண்கள் விளையாடும் பல்லாங்குழிப் பலகையைப் போல, 96 சிறு குழிகளோ அதற்கு மேலோ உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு குழியிலும் விளக்கேந்திய உயிரணுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை இடுவார்கள். எந்தக் குழியில் ஒளி உட்கருவுக்குள் சென்றது என்பதைக் கேமராவும் கணினியும் பார்த்துச் சொல்லிவிடும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதிக்கலாம். கெட்டதைப் பிடிக்க மட்டுமல்ல, காட்டு மூலிகைகளில் நல்ல மருந்து இருக்கிறதா என்று தேடவும் இம்முறை உதவும்.

2012ஆம் ஆண்டு ஹேகரின் குழுவினர் அமெரிக்காவின் 14 மாநிலங்களில் ஆறு குளங்களின் நீரை எடுத்து இந்த உயிரணுக்களுக்குக் கொடுத்தார்கள். சோதித்த நீர்நிலைகளில் நூற்றுக்கு 27இல் ஸ்டீராய்டின் வேலையைச் செய்யும் ஏதோ ஒரு பொருள் இருந்தது. யாரும் பெயர் சொல்லித் தேடாத பொருளை, உயிரணு தானாகவே காட்டிக்கொடுத்தது.

ஆயினும் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சில பொருள்கள் கிராணியை ஆபீஸுக்குள் அழைத்துச் செல்லும். ஆனால் பேரேட்டில் எழுதவிடாமல் கையைப் பிடித்துக்கொள்ளும். விளக்கு உள்ளே போனதால் மட்டும் வேலை நடந்ததாகக் கொள்ள முடியாது. அதற்காக இரண்டாவது சாட்சி ஒன்றையும் வைக்கிறார்கள். நம் கோல சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் இரவில் மின்னுகின்றனவே மின்மினிகள், அந்த இனத்துப் பூச்சிகளுக்கு ஒளி தரும் புரதத்தின் மரபணுவைப் பேரேட்டோடு சேர்த்துவிடுவார்கள். உத்தரவு உண்மையில் எழுதப்பட்டால்தான் மின்மினி வெளிச்சம் வரும். கடைசியாக, அந்தப் பொருளின் பெயர் என்ன என்பதை இரசாயனப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். உயிரணு செயலைச் சொல்லும். இரசாயனம் பெயரைச் சொல்லும். இரண்டும் சேர்ந்தால் குற்றவாளிக்குத் தப்ப வழி இல்லை.

நேயர்களே, இந்தக் கருவிகள் நம் வீட்டுச் சமையலறையில் இல்லை. அப்படியானால் நாம் என்ன செய்வது? செய்யக் கூடியவை உண்டு.

முதலாவது, உறையைப் படிப்பது. மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்யும் முறை 1992ஆம் ஆண்டு தொடங்கியது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்னும் மூன்று எழுத்துகளும், அவற்றையடுத்து எட்டு எண்களும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்தாயின் அந்த இறுதி எழுத்து டி. அதோடு, அசைத்துப் பார்த்தால் நிறம் மாறிப் பளபளக்கும் பாதுகாப்பு முத்திரையும் ஒட்டப்பட்டிருக்கும். போலி எண்ணை அச்சடிப்பவர்களும் உண்டு. ஆகவே, தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது. வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுங்கள். நொடியில் பார்த்துச் சொல்லிவிடும். படித்த பிள்ளையால் வீட்டுக்குக் கிடைக்கும் முதல் பயன்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டாவது, நம் உடலே ஒரு சாட்சி. நாட்கணக்கில் மருந்து சாப்பிடும் ஒருவருக்கு முகம் நிலாப்போல் வட்டமாகிறதா? கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கிறதா? தோல் காகிதம் போல் மெலிந்து, இலேசாக இடித்தாலும் கன்றிப் போகிறதா? வயிற்றில் ஊதாநிறக் கோடுகள் விழுகின்றனவா? இதுவரை இல்லாத இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் வந்துவிட்டனவா? "மருந்து சாப்பிட்டு மாமா பூரித்துப் போயிட்டாரு" என்று மகிழ வேண்டாம். அது சதை அல்ல, எச்சரிக்கை. வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பதைப் பால் மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் மிக மிக முக்கியமானது. இதை மட்டும் தயவு செய்து கருத்தூன்றிக் கேளுங்கள். இந்த உரையைக் கேட்டுவிட்டு, "ஐயோ, விஷம்!" என்று பல மாதங்களாகச் சாப்பிட்டுவரும் பொடியை இன்றிரவே சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள்தாம் நமக்குத் தேவையான கார்டிசோலைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து ஸ்டீராய்டு நீண்ட நாள் வந்துகொண்டிருந்தால், அந்தச் சுரப்பிகள் வேலையை நிறுத்தித் தூங்கிவிடும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அவை உடனே விழித்து எழ மாட்டா. உடல் தளரும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும், மயக்கம் வரும். உயிரே போகவும் கூடும். தீயது என்று தெரிந்தும் அதைச் சிறிது சிறிதாகத்தான் விட வேண்டும். எவ்வளவு, எத்தனை நாளில் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, மிச்சமிருக்கும் பொடியையும் அதன் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு மறுநாளே அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் கட்டணம். அந்தப் பொட்டலத்தின் விலையில் எத்தனை முறை டாக்டரைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். "எவ்வளவு நாளாச் சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாற்றப்பட்டவருக்கு வெட்கம் எதற்கு? வீட்டில் பெரியவர் போகத் தயங்கினால், மகனோ மகளோ உடன் செல்லுங்கள். பொடியைக் கொடுத்து விற்றவரைப் பற்றியும் மருந்தியல் அதிகாரிகளிடம் சொல்லலாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் பிழைப்பார்.

மூட்டுவலிக்கு நேர்மையான மருத்துவம் இரண்டு நாளில் அதிசயம் காட்டாது. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, அளவறிந்த மாத்திரை என்று அது மெல்லத்தான் நடக்கும். மெல்ல நடந்தாலும், கையில் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பெயர் சொல்லிக் கொடுக்கும். மருந்து என்று எதை வாயில் போடுவதாயினும், "இதன் பெயர் என்ன?" என்று கேட்கும் உரிமை தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. பெயர் சொல்ல மறுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள்.